விடியும்வரை வைக்காதே

தியானப் பகுதி: லேவியராகமம் 7:11-15; 19:13





அறுப்பின் பண்டிகை நெருங்கிவருகிறது. வாழைத்தார்களும் பூசணிக்காய்களும் தேங்காய்க் குலைகளும் கோழிகளும் பீடத்தின் முன் வந்து சேரும். ஆராதனை முடிந்ததும் ஏலம் நடைபெறும். ஒற்றை எலுமிச்சம்பழம் சில நூறு ரூபாய்க்குப் போகும். இப்படிப்பட்ட நாட்களில் நன்றியறிதலைக் குறித்து மனதிற்கு இதமான ஒரு தியானத்தை நீங்கள் என்னிடம் எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால் இந்த வாரம் அதை எழுத என்னால் இயலவில்லை. நாம் செலுத்திவரும் ஸ்தோத்திரங்களில் பெரும்பகுதி, வேதம் கேட்கிற ஸ்தோத்திரமே அல்ல என்பதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. வாசிக்கும்போது சிலருக்குக் கோபம் வரலாம். அந்தக் கோபத்திற்கு முதலில் உரியவன் நான். ஆகவே என் தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டுப் பிரதிஷ்டை ஆராதனைக்குச் சென்றிருந்தேன். ஜெபமுள்ள குடும்பம். நெடுங்காலம் வாடகை வீட்டில் பாடுபட்டு, கடன் வாங்கி, நகையை அடகு வைத்துக் கட்டிய வீடு. முன்வாசலில் பளிங்குக் கல்லில் 'எபெனேசர்' என்று பொறித்திருந்தார்கள். நானும் 1 சாமுவேல் 7-ஆம் அதிகாரத்திலிருந்து, சாமுவேல் நாட்டிய கல்லைக் குறித்துப் பேசினேன். வீட்டுக்காரர் கண்ணீரோடு சாட்சி சொன்னார். ஆராதனை முடிந்து பந்தி விரித்தார்கள். நானும் வயிறார உண்டேன். புறப்படுகையில் ஸ்தோத்திரக் காணிக்கை என்று ஒரு கவரை என் கையில் கொடுத்தார்கள்.

வாசலுக்கு வெளியே, தோளில் துண்டோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அந்த வீட்டின் தரைக்கு டைல்ஸ் ஒட்டிய கொத்தனார். பாக்கிக் கூலி கேட்டு வந்திருந்தார். வீட்டுக்காரர் அவரிடம் கோபப்படவில்லை, சிரித்த முகமாகவே சொன்னார்: "இன்னைக்கு விசேஷம் நடக்கிற வீடு அண்ணாச்சி. நாளைக்கு வாங்க, பாத்துக்கலாம்." கொத்தனார் ஒன்றும் பேசாமல் துண்டை உதறித் திரும்பவும் தோளில் போட்டுக்கொண்டார். நான் அதைக் கேட்டேன், கண்டேன். கண்டும் காணாதவனாக என் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அலுவலகத்தில் கவரைப் பிரித்தபோது உள்ளே 10,000 ரூபாய் இருந்தது. ரசீது எழுதப்பட்டது. அடுத்த ஞாயிறு அறிவிப்பில் அந்தக் குடும்பத்தின் பெயரும் தொகையும் வாசிக்கப்பட்டன. கொத்தனாருக்கு வரவேண்டியிருந்த பாக்கி 14,000 ரூபாய் என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரியவந்தது.

இரண்டு வாரங்கள் கழித்து, வேதபாட வகுப்புக்காக லேவியராகமம் 7-ஆம் அதிகாரத்தை ஆயத்தம் செய்துகொண்டிருந்தேன். ஸ்தோத்திர பலியின் சட்டம் அங்கே வருகிறது. சமாதான பலிகளில் பொருத்தனைக்காகவும் உற்சாகத்தினாலும் செலுத்தப்படும் பலியின் மாம்சத்தை மறுநாளும் உண்ணலாம் என்று 16-ஆம் வசனம் அனுமதிக்கிறது. ஆனால் நன்றியறிதலுக்காகச் செலுத்தப்படும் பலிக்கு மட்டும் அந்த அனுமதி இல்லை. அதன் மாம்சம் அன்றைக்கே புசிக்கப்பட வேண்டும். விடியும்வரை அதில் ஒன்றும் மீந்திருக்கக்கூடாது. இந்த வேறுபாடு ஏன் என்று யோசித்துக்கொண்டே பக்கங்களைப் புரட்டினேன். 19-ஆம் அதிகாரம் 13-ஆம் வசனத்தில் என் கண் நின்றது. கூலியாளின் கூலியையும் விடியும்வரை கையில் வைத்திருக்கக்கூடாது என்று அதே கர்த்தர் அங்கே கட்டளையிடுகிறார்.

ஸ்தோத்திர பலிக்கும் விடியற்காலம்தான் கெடு. கூலிக்காரனின் கூலிக்கும் விடியற்காலம்தான் கெடு. ஒரே புத்தகத்தில், ஒரே தேவனுடைய வாயிலிருந்து வந்த இரண்டு சட்டங்கள். நாமோ முதலாவதைப் பளிங்குக் கல்லில் பொறித்துவிட்டு, இரண்டாவதற்கு "நாளைக்கு வாங்க" என்கிறோம். அந்தக் கவரில் இருந்த பணம் யாருடையது என்ற கேள்வி அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

மூன்றாவது ஆள்

ஸ்தோத்திர பலியின் மாம்சம் ஏன் மறுநாளுக்கு மீந்திருக்கக்கூடாது? வேதம் காரணத்தை நேராகச் சொல்லவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவன் ஒரு மாட்டையோ ஆட்டையோ நன்றிப்பலியாகச் செலுத்துகிறான். கொழுப்பு பலிபீடத்திற்கு, மார்க்கண்டமும் முன்னந்தொடையும் ஆசாரியர்களுக்கு, மற்றதெல்லாம் அவனுக்கு. அதனோடு அப்பங்களும் உண்டு. புளித்த அப்பமும்கூட உண்டு. இத்தனையையும் ஒரு குடும்பம் ஒரே நாளில் உண்டு தீர்க்க முடியுமா? முடியாது. ஆகவே அவன் வெளியே போய் ஆட்களை அழைத்துவந்தாக வேண்டும். இரவுக்குள் தீர வேண்டுமென்றால், தூரத்து உறவினருக்கு ஆள் அனுப்ப நேரமில்லை. அண்டையில் இருப்பவனையும் தெருவில் நிற்பவனையும்தான் அழைக்க முடியும். 22-ஆம் சங்கீதம் 25, 26 வசனங்களும் இதற்குச் சாட்சி. மகா சபையிலே தன் பொருத்தனைகளைச் செலுத்துவேன் என்று சங்கீதக்காரன் சொன்ன மாத்திரத்தில், அடுத்த வரியிலேயே எளியவர்கள் உண்டு திருப்தியடைகிறார்கள்.

உபாகமம் 26-ஆம் அதிகாரத்திலும் இதே ஒழுங்குதான். முதற்பலனைக் கூடையில் வைத்துக்கொண்டு வருகிற இஸ்ரவேலன், தன் முற்பிதா ஓர் அலைந்து திரிந்த மனிதன் என்பதையும், தாங்கள் எகிப்தில் அடிமைகளாயிருந்ததையும் சத்தமாய் அறிக்கையிட வேண்டும். பின்பு அவனும் அவன் வீட்டாரும் மட்டும் சந்தோஷப்பட்டால் போதாது. லேவியனும் அவன் நடுவிலிருக்கும் பரதேசியும் சேர்ந்து சந்தோஷப்பட வேண்டும் என்று 11-ஆம் வசனம் கூறுகிறது. நிலமில்லாதவன் லேவியன், உரிமையில்லாதவன் பரதேசி. அறுவடை இல்லாத இருவரையும் உட்காரவைக்காமல் அறுப்பின் பண்டிகையே இல்லை.

இங்கேதான் நம் ஸ்தோத்திரத்தின் நோய் தெரிகிறது. வேதத்தில் நன்றியறிதல் ஒருபோதும் இரண்டு பேருக்கு இடையிலான விவகாரம் அன்று. கொடுத்த தேவனும் பெற்ற மனிதனும் மாத்திரமல்ல, மூன்றாவதாக ஓர் ஆளும் அந்தப் பந்தியில் இருக்கிறான். நாமோ அந்த மூன்றாவது ஆளை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அல்லேலூயா பாடுகிறோம். அவன் வெளியே நிற்கும்போது நம் ஸ்தோத்திரம் எப்படியெல்லாம் திரிந்துபோகிறது என்பதைச் சற்றுப் பாருங்கள்.

ஸ்தோத்திரம் முன்பணமாகிறது

"நன்றி சொல்லுங்கள், ஆசீர்வாதம் பெருகும்" என்ற உபதேசம் இன்று எங்கும் கேட்கிறது. ஆயிரம் ஸ்தோத்திரம் சொன்னால் தடைப்பட்ட காரியம் வாய்க்கும் என்று சொல்லி எண்ணி எண்ணிச் சொல்லுகிறோம். ஆயிரம் நன்மைகளை நினைத்து ஆயிரம் முறை நன்றி சொல்வதில் பிழையில்லை. அப்படிச் சொல்லிக் கண்ணீர்விட்ட தாய்மார்களை நான் அறிவேன், அவர்களை வணங்குகிறேன். ஆனால் அடுத்த நன்மைக்காக இன்று கட்டுகிற தவணையாக ஸ்தோத்திரம் மாறும்போது, அது நன்றி என்ற பெயரை இழந்துவிடுகிறது. பெற்றதற்காகச் சொல்வது நன்றி; பெறுவதற்காகச் சொல்வது விலை.

யோசபாத்தின் சரித்திரத்தைக் காட்டிச் சிலர் என்னை மறுக்கிறார்கள். 2 நாளாகமம் 20-இல் பாடகர் படைக்கு முன்னே துதித்துக்கொண்டு போனார்கள். துதித்தபோதே ஜெயம் வந்தது. ஆகவே துதியே ஜெயத்திற்குத் திறவுகோல் என்பது அவர்கள் வாதம். அதே அதிகாரத்தை முதலிலிருந்து வாசியுங்கள். பாடகர் புறப்பட்டது 21-ஆம் வசனத்தில். அதற்கு முன்பே, 14 முதல் 17 வரையுள்ள வசனங்களில், யகாசியேலின் மேல் கர்த்தருடைய ஆவி இறங்கி, இந்த யுத்தம் தேவனுடையது என்று வாக்குக் கொடுத்தாயிற்று. அவர்கள் ஜெயத்தை வாங்குவதற்காகப் பாடவில்லை. ஏற்கெனவே கொடுக்கப்பட்ட வாக்கை நம்பியதால் பாடினார்கள்.

பவுலும் சீலாவும் பாடியதால் சிறைக்கதவு திறந்ததே என்பார்கள். திறந்தது உண்மை. ஆனால் பவுல் வெளியே ஓடவில்லையே! தற்கொலைக்குத் துணிந்த சிறைச்சாலைக்காரனைத் தடுத்து, தாங்கள் எல்லாரும் அங்கேயே இருப்பதாகச் சத்தமிட்டான் என்று அப்போஸ்தலர் 16:28 கூறுகிறது. கதவு திறப்பதற்காகப் பாடியவன் திறந்த கதவின் அருகே உட்கார்ந்திருப்பானா? அந்தப் பாட்டின் பலனாக வீட்டுக்குப் போனவன் பவுல் அல்லன். இரட்சிக்கப்பட்டுத் தன் வீட்டாரோடு மகிழ்ந்தவன் சிறைச்சாலைக்காரன். மூன்றாவது ஆள்! இதே பவுல் பின்னும் பலமுறை கட்டுண்டான். திறக்கப்படாத சிறையிலிருந்தும் ஒவ்வொரு நிருபத்தையும் ஸ்தோத்திரத்தோடு தொடங்கினான்.

யாக்கோபு பெத்தேலில் தேவனோடு பேரம் பேசினான். அப்பமும் வஸ்திரமும் பத்திரமான திரும்புதலும் தந்தால் கர்த்தர் என் தேவனாயிருப்பார் என்பது ஆதியாகமம் 28-இல் அவன் போட்ட நிபந்தனை. தேவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். 20 ஆண்டுகளுக்குப் பிறகு, கையில் ஒரு கோலோடு கடந்துபோன யோர்தானை இரண்டு பரிவாரங்களோடு நெருங்கியபோது, அவன் வாயில் பேரம் இல்லை. இத்தனை தயவுக்கு நான் தகுதியற்றவன் என்கிறான். அங்கே பேரக்காரன் இறந்து நன்றியுள்ளவன் பிறந்தான். அதோடு கதை முடிந்ததா? மறுநாள் ஏசாவின் முன் ஏழுதரம் குனிந்து, தான் யாரை ஏமாற்றினானோ அவனிடமே மந்தைகளைக் கொண்டுபோய், ஏற்றுக்கொள்ளும்படி வருந்திக் கேட்டுக்கொண்டான். தேவனுக்குச் சொன்ன நன்றி, ஏமாற்றப்பட்ட அண்ணனின் கையில் போய்ச் சேர்ந்தது. நம் சாட்சிகள் அந்தத் தூரம் நடக்கின்றனவா?

ஸ்தோத்திரம் ஒப்பீடாகிறது

லூக்கா 18-இல் பரிசேயன் செய்த ஜெபம் எந்த வார்த்தையோடு தொடங்குகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? ஸ்தோத்திரத்தோடு. அது ஒரு நன்றி ஜெபம். தான் மற்ற மனிதரைப்போலவும், அருகில் நிற்கிற ஆயக்காரனைப்போலவும் இராததற்காக அவன் தேவனுக்கு நன்றி செலுத்துகிறான். அவன் நீதிமானாக்கப்படாமல் வீடு திரும்பினான். ஆலயத்தில் சொல்லப்பட்ட ஒரு ஸ்தோத்திரம் தள்ளப்பட்டது!

அவனை நாம் எளிதாகப் பழிக்கிறோம். ஆனால் 2004 டிசம்பர் 26-ஐ நினைத்துப் பாருங்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. நாகப்பட்டினத்திலும் கன்னியாகுமரிக் கடற்கரையிலும் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கடல் கொண்டுபோனது. அதன்பின் எத்தனையோ மேடைகளில் ஒரே வகையான சாட்சியைக் கேட்டோம்: நாங்கள் ஆலயத்தில் இருந்தோம், ஆகவே கர்த்தர் எங்களைக் காத்தார். தப்பியவர் நன்றி சொல்லத்தான் வேண்டும். சொல்லாமல் எப்படி இருப்பார்? ஆனால் "ஆகவே" என்ற அந்த ஒரு சொல்லை யார் சேர்க்கச் சொன்னது? பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி அதே கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால், அந்த "ஆகவே" அவளுக்கு என்ன சொல்லும்? அவள் பிள்ளையைக் கர்த்தர் காக்க நினைக்கவில்லை என்றல்லவா சொல்லும்? சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்ற எண்ணத்தை ஆண்டவர் திட்டமாய் மறுத்தார் (லூக்கா 13:4, 5). அவர் மறுத்ததை நாம் சாட்சி என்ற பெயரில் ஒலிபெருக்கியில் சொல்லக்கூடாது.

இன்னும் சிறிய அளவில் இது தினமும் நடக்கிறது. தெருவோரம் கிடப்பவனைக் காட்டி, "நம்மைக் கர்த்தர் அப்படி வைக்கவில்லையே, ஸ்தோத்திரம் சொல்லு" என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அந்த ஏழை நம் நன்றிக்கு ஒரு பாடப்பொருளாகிவிட்டான். அவனுக்குக் கொடுக்க வேண்டிய சோற்றுக்குப் பதிலாக அவனைக் காட்டி ஒரு ஜெபம் செய்துவிட்டு நடந்துபோகிறோம்.

ஸ்தோத்திரம் வாய்ப்பூட்டாகிறது

துக்க வீட்டுக்குப் போகிறோம். இளம் மனைவி கணவனின் உடலருகே உட்கார்ந்திருக்கிறாள். நாம் அவள் காதருகே குனிந்து, எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்யச் சொல்லியிருக்கிறதே, அழாதே, ஸ்தோத்திரம் சொல் என்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். அவளைத் தேற்றுவதற்காகச் சொன்னதாகத்தான் அப்போது எண்ணியிருந்தேன். அவள் அழுகையைத் தாங்க எனக்குத் திராணியில்லாததால் சொன்னேன் என்பதை இப்போது அறிக்கையிடுகிறேன்.

1 தெசலோனிக்கேயர் 5:18 வேதவாக்கியம் இல்லையா என்று கேட்பீர்கள். வேதவாக்கியம்தான். அதன் கிரேக்க மூலம் எல்லாச் சூழ்நிலையின் உள்ளேயும் நின்று நன்றி செலுத்தச் சொல்கிறது. ஒவ்வொரு கேட்டையும் நன்மை என்று சொல்லச் சொல்லவில்லை. எபேசியர் 5:20-இல் எல்லாவற்றிற்காகவும் என்றே இருக்கிறதே என்றால், அதே அதிகாரத்தின் 11-ஆம் வசனத்தில் அந்தகாரக் கிரியைகளைக் கடிந்துகொள்ளும்படி பவுல் சொல்லியிருக்கிறான். கடிந்துகொள்ளத்தக்க தீமைக்கே நன்றி செலுத்தச் சொல்லி, ஒரே அதிகாரத்தில் அவன் முரண்பட்டிருக்கமாட்டான். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கட்டளை எனக்குக் கொடுக்கப்பட்டது. பிறருடைய அழுகையை நிறுத்த என் கையில் கொடுக்கப்பட்ட பிரம்பு அல்ல. அழுகிறவர்களிடம் செய்ய வேண்டியதை ரோமர் 12:15 தெளிவாகச் சொல்கிறது: சேர்ந்து அழ வேண்டும்.

லாசருவின் கல்லறையில் ஆண்டவர் நடந்துகொண்ட முறையைப் பாருங்கள். யோவான் 11:35-இல் அவர் கண்ணீர்விட்டார். 41-ஆம் வசனத்தில் பிதாவுக்கு ஸ்தோத்திரம் செலுத்தினார். இந்த வரிசையைத் தலைகீழாக்க நமக்கு அதிகாரம் இல்லை. மரியாளை நோக்கி ஸ்தோத்திரம் சொல் என்று அவர் கேட்கவுமில்லை. அவள் அழுதாள், அவர் அழுதார். பின்பு அவளுக்காகவும் சேர்த்து அவர் நன்றி சொன்னார்.

உலகெங்கும் சபைகளில் பாடப்படும் நன்றிப்பாட்டு ஒன்றை எழுதியவர் ஜெர்மனியின் ஐலன்பர்க் நகரப் போதகர் மார்ட்டின் ரிங்கார்ட். முப்பதாண்டுப் போரின் நடுவே, 1637-இல் அந்நகரைக் கொள்ளைநோய் வாரிக்கொண்டு போனது. 4,000-க்கும் மேற்பட்டோரை அவர் அடக்கம் செய்தார். அவர்களில் ஒருத்தி அவருடைய மனைவி. அப்படிப்பட்ட மனிதரின் வாயிலிருந்து வரும் நன்றியின் முன் நாம் தலை குனிய வேண்டும். ஆனால் ஒன்றை மறவாதீர்கள்: அவர் பிணங்களின் நடுவில் நின்றவர், தூரத்தில் சௌக்கியமாய் உட்கார்ந்துகொண்டு பிறரைப் பாடச் சொன்னவர் அல்லர். காயப்பட்டவன் தானாகச் சொல்லும் ஸ்தோத்திரம் பலி. காயப்படாதவன் அவனிடமிருந்து பிடுங்கும் ஸ்தோத்திரம் கொள்ளை.

திரும்பி வந்தவன்

பத்துக் குஷ்டரோகிகளின் கதையை ஆண்டுதோறும் அறுப்பின் பண்டிகையில் பிரசங்கிக்கிறோம். ஒன்பது பேரை நன்றிகெட்டவர்கள் என்று திட்டிவிட்டு, நாம் அந்தப் பத்தாவது ஆள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம். சற்று நின்று பாருங்கள். அந்த ஒன்பது பேரும் ஆண்டவருடைய கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவர்கள். ஆசாரியர்களிடம் போய்க் காண்பிக்கச் சொன்னார், போனார்கள். வழிபாட்டு முறையில் அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. இன்றைக்கு இருந்தால் சபை அங்கத்தினர் பட்டியலில் முதல் வரிசையில் அவர்கள் பெயர்கள் இருக்கும்.

பத்தாவது ஆள் ஒரு சமாரியன். யூதரும் சமாரியரும் ஒருவரோடொருவர் கலவாத நாட்களில் இவன் எப்படி யூதரோடு சேர்ந்திருந்தான்? நோய் அவர்களைச் சேர்த்து வைத்திருந்தது. ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவர்களிடையே யூதன் யார், சமாரியன் யார்? ஒருமித்துச் சத்தமிட்டார்கள், ஒருமித்து இரக்கம் பெற்றார்கள். சரீரம் சுத்தமான பிறகோ அவன் தனியாகத் திரும்பி வருகிறான். ஒன்பது பேர் தங்கள் ஆசாரியனிடமும், ஊரிடமும், பழைய இடத்திடமும் போய்ச் சேர்ந்தார்கள். வியாதியில் கூட இருந்தவனைச் சுகத்தில் கூட வைத்துக்கொள்ளவில்லை.

பிரியமானவர்களே, இது நம் கதை. கஷ்டத்தில் ஒரே திண்ணையில் உட்கார்ந்து ஒரே கஞ்சியைக் குடித்தோம். ஆசீர்வாதம் வந்ததும் அவரவர் ஜாதிக்கும் அந்தஸ்துக்கும் திரும்பிவிட்டோம். தேவன் தந்த நன்மையே நம்மைப் பிரிக்கும் மதிலாகிவிட்டால், எத்தனை ஸ்தோத்திரம் சொல்லி என்ன? மற்ற ஒன்பது பேர் எங்கே என்று ஆண்டவர் கேட்டார். அந்தக் கேள்வியை நன்றி சொல்ல வந்தவனிடமே கேட்டார். உன்னோடு இருந்தவர்கள் எங்கே என்று நம்மிடமும் கேட்பார்.

எடுத்து, நன்றி சொல்லி, பிட்டு, கொடுத்து

கிறிஸ்தவ நன்றிக்கு வேறு எங்கும் இலக்கணம் தேட வேண்டாம்; பரிசுத்த பந்தியில் அது இருக்கிறது. காட்டிக்கொடுக்கப்பட்ட இராத்திரியிலே ஆண்டவர் அப்பத்தை எடுத்தார், நன்றி செலுத்தினார், பிட்டார், கொடுத்தார். நன்றி செலுத்துதல் என்ற அந்தக் கிரேக்கச் சொல்லிலிருந்தே ஆதிச் சபை இந்தப் பந்திக்குப் பெயரிட்டது. நன்றி சொன்ன அப்பத்தை அவர் முழுதாக வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த கணமே அது உடைந்தது, அடுத்தவர் கைக்குப் போனது. லூக்காவின்படி காட்டிக்கொடுப்பவனின் கையும் அந்தப் பந்தியிலேதான் இருந்தது.

கொரிந்து சபையில் சிலர் முந்திச் சாப்பிட்டு வெறித்தார்கள், இல்லாதவர்கள் பசியாயிருந்தார்கள். நன்றி ஜெபத்தை அவர்கள் விட்டுவிட்டதாகப் பவுல் குறைகூறவில்லை. ஆனாலும் அது கர்த்தருடைய பந்தியே அல்ல என்று 1 கொரிந்தியர் 11-இல் கூசாமல் எழுதினான். பசித்தவன் ஓரத்தில் நிற்க, ஸ்தோத்திரம் சொல்லி உண்பது வெறும் சாப்பாடு. நம் ஊர்களில் பெரியவர்கள் அசனம் என்று ஒன்றை ஏற்படுத்திவைத்தார்கள். ஒரே அடுப்பு, ஒரே சோறு, ஒரே வரிசை. அது சாப்பாட்டு ஏற்பாடு மட்டுமல்ல. லேவியராகமம் 7-இன் சட்டம் தமிழ் மண்ணில் ஊன்றிய வேர். அதிலும் முக்கியஸ்தர்களுக்குத் தனி அறையும் தனி மேசையும் வந்துவிட்டதைக் காணும்போது என் உள்ளம் கலங்குகிறது.

அந்தக் கவரின் முடிவைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்று நான் சொன்னபோது, ரசீது எழுதியாயிற்றே என்று பொருளாளர் தயங்கினார். மத்தேயு 5:23, 24-ஐ அவருக்குக் காட்டினேன்: சகோதரனுக்கு நம்மேல் குறை இருந்தால் காணிக்கை பீடத்தின் முன்னே காத்திருக்க வேண்டும். பணத்தை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். "என்னய்யா, ஆண்டவருக்குக் கொடுத்ததைத் திருப்பித் தர்றீங்க?" என்று வீட்டுக்காரர் அதிர்ந்தார். இது இன்னும் ஆண்டவருக்கு வந்து சேரவில்லை, முதலில் கொத்தனாரிடம் போய்விட்டு வரட்டும் என்றேன். அவருக்கு வருத்தம். மூன்று ஞாயிறுகள் ஆலயத்திற்கு வரவில்லை. நான் ஜெபித்தேன், பயந்தும் இருந்தேன். நான்காவது ஞாயிறு அவர் வந்தார். பாக்கி முழுவதையும் கொத்தனாரின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்ததாகவும், அவருடைய மனைவி போட்ட தேநீரைக் குடித்துவிட்டு வந்ததாகவும் சொன்னார். அந்தத் தொகையை அவர்கள் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக எதிர்பார்த்திருந்தார்களாம். கெடு தேதி தாண்டி, வட்டிக்கு வாங்கிக் கட்டியிருந்தார்களாம். இதைச் சொல்லும்போது அவர் அழுதார். பிரதிஷ்டை நாளில் சிந்திய கண்ணீரைவிட இந்தக் கண்ணீர் எனக்கு அதிக மெய்யாகத் தெரிந்தது. பெயரின்றி இதை எழுதலாம் என்று அவரே சம்மதம் தந்தார். அந்த வட்டியை யார் திருப்பித் தருவது என்ற கேள்வி மட்டும் அன்று என்னோடு இருந்தது. கண்டும் காணாதவனாக வண்டியைக் கிளப்பியவனுக்கும் அதில் பங்குண்டு. என் பங்கை நான் கொடுத்தேன்.

ஆகையால் இந்தப் பண்டிகைக்கு வருமுன் உங்களை வேண்டிக்கொள்கிறேன். ஏலத்தில் எலுமிச்சம்பழத்தின் விலையை ஏற்றுவதற்கு முன், உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாவுக்கும், வயலில் களையெடுத்தவர்களுக்கும், கடையில் நிற்கும் பையனுக்கும் தர வேண்டியது ஏதேனும் நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை முதலில் தீர்த்துவிடுங்கள். அன்றைக்கு உங்கள் கை வெறுமையாயிருந்தாலும் பீடத்தண்டை வாருங்கள். சாட்சி சொல்ல எழுந்தால், பின்வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசுங்கள். துக்க வீட்டில் ஸ்தோத்திரம் சொல்லச் சொல்லாதீர்கள். அருகில் உட்காருங்கள், போதும்.

எருசலேமின் ஏழைகளுக்காகக் காணிக்கை சேர்த்தபோது, அது அவர்கள் குறைவை நிறைவாக்குவதோடு, அநேகர் தேவனுக்குச் செலுத்தும் ஸ்தோத்திரமாகவும் பெருகும் என்று 2 கொரிந்தியர் 9:12-இல் பவுல் எழுதினான். கவனியுங்கள்: ஸ்தோத்திரம் சொல்கிறவர்கள் கொடுத்தவர்கள் மட்டுமல்ல, பெற்றவர்களும். அன்றிரவு கொத்தனாரின் வீட்டில் யாராவது தேவனுக்கு நன்றி சொல்லியிருந்தால், அந்த எபெனேசர் வீட்டின் மெய்யான பிரதிஷ்டை ஆராதனை அங்கேதான் நடந்தது.

விடிவதற்கு இன்னும் நேரமிருக்கிறது. வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று எழுந்து பாருங்கள்.

ஜெபம்: எங்கள் பரம பிதாவே, நாங்கள் பெற்றதையெல்லாம் உம்மிடமிருந்தே பெற்றோம். உமக்குச் சொல்லும் நன்றியை விலையாகவும் பெருமையாகவும் பிறரை அடக்கும் சொல்லாகவும் ஆக்கிய எங்கள் பாவத்தை மன்னியும். எங்கள் வாசலுக்கு வெளியே நிற்பவரை உள்ளே அழைக்கும் இருதயத்தைத் தாரும். நன்றி சொல்லி, பிட்டு, கொடுத்த உம்முடைய குமாரனாகிய இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.